முயலுக்குப் பாட்டிலும் பழகணும், சட்டியும் பழகணும்

என் மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போனபோது இரண்டு முயல்களை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். பழுப்பு நிறத்தது வெல்லம், கறுப்பு எள்ளு. இரண்டும் கூண்டில் மாட்டிய பாட்டிலில் குடித்துப் பழகியவை. நுனியில் சின்ன எஃகுக் குண்டு இருக்கும், நாக்கால் தட்டினால் தண்ணீர் சொட்டும். காலையில் நிரப்பினால் மறுநாள் வரை கவலையில்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

போன சித்திரையில் காரைக்குடியில் ஒரு கல்யாணம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் மேல்வீட்டு மாமியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம். மறுநாள் மாலை திரும்பி வந்தால் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. "தண்ணி நிறையத்தானே இருந்தது, அதான் நான் தொடலை" என்றார் மாமி. அவர்மேல் தப்பில்லை, யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். எங்கள் போர் தண்ணீரின் உப்பு படிந்து குண்டு இறுகிப் போயிருந்தது. எவ்வளவு நக்கினாலும் ஒரு சொட்டு வராது. வைத்த புல் வைத்தபடி கிடந்தது. வழக்கமாகக் கொண்டைக்கடலை அளவில் இருக்கும் புழுக்கை, மிளகு மாதிரி சுருங்கி நாலைந்து மட்டும் தட்டில் கிடந்தது. முயலுக்குத் தண்ணீர் இறங்காவிட்டால் தீனியும் இறங்காது, தீனி நின்றால் குடலும் நின்றுவிடும். மருத்துவர் தோலுக்கடியில் திரவம் ஏற்றிப் பிழைக்க வைத்தார். "ஒரே வழியை நம்பாதீங்க, சட்டியும் வைங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து ஒரு மாதம் இதுதான் என் வேலை.

முதலில் அளவு தெரிய வேண்டும். முயல் ஒரு நாளைக்குத் தன் எடையில் கிலோவுக்கு 50 முதல் 150 மில்லி வரை குடிக்கும். வெல்லம் 1.8 கிலோ, அப்படியென்றால் 90 முதல் 270 மில்லி. காய்ந்த புல் அதிகம் தின்றால் கூடும். கீரையும் கொத்தமல்லியும் ஈரத்தோடு போட்டால் குறையும். எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று நாள் அளந்து எழுதி வையுங்கள். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டால் போதும். சட்டிக்கு ஒரு தந்திரம் உண்டு. திருச்சி வெயிலில் பாதித் தண்ணீர் ஆவியாகப் போய்விடும். அதனால் அதே மாதிரி இன்னொரு சட்டியை முயலுக்கு எட்டாத இடத்தில் வைத்து, அதில் குறைந்த அளவைக் கழித்துக்கொள்வேன்.

சட்டி விஷயத்தில் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் கிண்ணத்தை வெல்லம் பல்லால் கவ்வித் தூக்கிக் கவிழ்த்துவிட்டது. எவர்சில்வர் கிண்ணத்தைக் காலால் தள்ளி விளையாடியது. சரி, கனமாக வேண்டும் என்று பரணிலிருந்து அம்மாவின் பழைய கல்சட்டியை இறக்கினேன். அசைக்க முடியாது, தண்ணீரும் சில்லென்று இருக்கும். ஆனால் இரண்டும் மோந்து பார்த்துவிட்டு ஓடின. முப்பது வருடம் வத்தக்குழம்பு வைத்த சட்டி ஐயா அது! நமக்குத் தெரியாத வாடை அதற்குத் தெரியாதா? கடைசியில் உள்ளே பளபளப்புப் பூசிய பீங்கான் சட்டி ஒன்று வாங்கினேன். அகலம் ஒரு சாண், உயரம் நாலு விரல். முயல் குனிந்து குடிக்கும்போது கழுத்தடி நனையாத அகலமும், விளிம்பைப் பிடித்துக் கவிழ்க்க முடியாத கனமும் இருந்தால் எந்தச் சட்டியானாலும் சரிதான்.

முயல்கள் குழாயைவிடத் திறந்த பாத்திரத்தையே விரும்புகின்றன என்று சூரிச் பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்து 2011இல் எழுதியிருக்கிறார்கள். காரணம் புரிகிறது. குழாயில் சொட்டுச் சொட்டாக நக்கி நேரம் போகும், பாத்திரத்தில் மடமடவென்று குடிக்கலாம். எள்ளுதான் அதைப் படிக்கவில்லை. சட்டிக்குள் முன்னங்காலை வைத்து நின்று, நனைந்த காலை உதறிவிட்டுப் போய்விட்டது.

அதற்குப் பிடிபட வைத்தது பாட்டில்தான். பாட்டிலின் நுனிக்கு நேர் கீழே சட்டியை வைத்தேன். மேலே நக்கும்போது சிந்தும் சொட்டு கீழே டொக் டொக் என்று விழும். நாலாவது நாள் எள்ளு கீழே குனிந்து பார்த்தது. அப்புறம் ஒரு கொத்தமல்லித் தழையைத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். தழையை எடுக்க வாயை வைத்த இடத்தில் தண்ணீரும் நாக்கில் பட்டது. இதையெல்லாம் மத்தியானத்தில் செய்து பயனில்லை, அப்போது அவை தூங்கும். விளக்கு வைக்கும் நேரத்திலும் விடிகாலையிலும்தான் குடிக்கும். சட்டியைப் புல் போடும் பக்கம் வையுங்கள், மூத்திரம் போகும் மூலையில் வேண்டாம்.

பழைய வழியை அடைத்துவிட்டால் தாகத்தில் தானாகக் கற்றுக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். நான் பத்து நாள் இரண்டையும் வைத்திருந்தேன். சட்டியில் குடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் பாட்டிலைக் கழற்றினேன். மறுநாள் புழுக்கை குறையாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம். அவ்வளவுதான்.

சட்டியில் பழகியதைப் பாட்டிலுக்கு மாற்றுவதுதான் கஷ்டம். பக்கத்துத் தெருவில் ஒரு பையனின் முயலுக்கு இதைச் செய்தோம். அந்த வளைந்த கம்பிக்குள் தண்ணீர் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? பாட்டிலை விளிம்புவரை நிரப்பிக் கவிழ்த்து, சொட்டு நிற்கும்வரை வெளியே பிடித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த முயல் தலையைக் கொஞ்சமே தூக்கினால் எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். நுனியில் வாழைப்பழம் தடவச் சொன்னார்கள். தடவினோம், ஒரு மணி நேரத்தில் எறும்புச் சாரை வந்துவிட்டது. வெள்ளரித் துண்டால் தேய்ப்பதே போதும். முயல் நக்க வரும்போது விரலால் குண்டைத் தட்டி ஒரு சொட்டு வரவையுங்கள். ஏழெட்டுத் தடவையில் அதுவே தட்டும். தலையைப் பிடித்து வாயில் திணித்தால் அதற்கப்புறம் பாட்டில் பக்கமே வராது. பண்ணையிலிருந்து வந்த முயல்களுக்குப் பெரும்பாலும் இந்தச் சிரமம் இல்லை. பிவிசி குழாயில் பொருத்திய நிப்பிளை நாக்கால் தள்ளிக் குடித்துப் பழகியவை அவை.

தினமும் காலையில் குண்டைத் தட்டிப் பாருங்கள். தண்ணீர் சொட்டி, பாட்டிலுக்குள் காற்றுக் குமிழி மேலே ஏறினால்தான் அது வேலை செய்கிறது. வெயில் படும் இடத்தில் மாட்டினால் உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து தண்ணீரைத் தானாகத் தள்ளிவிடும், பாசியும் பிடிக்கும். உப்புக்கறைக்கு எலுமிச்சைச் சாறு விட்டு ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து நன்றாக அலசுவேன். சட்டியில் புல்லும் முடியும் விழும், அதனால் இரண்டு வேளையும் தண்ணீரை மாற்ற வேண்டும். கழுத்தடி நனைந்தே கிடந்தால் தோல் புண்ணாகும், ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். நனைந்தால் துண்டால் ஒற்றி எடுங்கள்.

தண்ணீரின் ருசி மாறினாலும் அவை கண்டுபிடித்துவிடும். காவிரித் தண்ணீர் வராமல் போருக்கு மாறிய நாளில் வெல்லம் பாதிதான் குடித்தது. இப்போது ஒரு குடம் பிடித்து வைத்து, பாதிக்குப் பாதி கலந்து மாற்றுகிறேன். ஆசையாகக் குடிக்கட்டும் என்று குளுக்கோஸோ வெல்லமோ கலக்க வேண்டாம். (பெயர் வேறு, பண்டம் வேறு!) சொந்தமாக மருந்தும் கலக்காதீர்கள், கசந்தால் குடிப்பதையே நிறுத்திவிடும்.

முயல் பன்னிரண்டு மணி நேரமாகத் தின்னாமல், புழுக்கை போடாமல், கூனிக்கொண்டு பல்லை நறநறத்தால் பழக்கும் வேலையை விட்டுவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். திடீரென்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு குடிப்பதும் காட்டவேண்டிய விஷயம்தான். சிரிஞ்சில் கொடுக்கச் சொன்னால், மல்லாத்திப் போடாமல் உட்காரவைத்து, முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் இடைவெளியில் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

ஆவணியில் அடுத்த கல்யாணம் வந்தது. இந்தத் தடவை இரண்டு பாட்டில், இரண்டு சட்டி வைத்தேன். மாமியிடம், "தண்ணி இருக்கான்னு பார்க்காதீங்க மாமி, புழுக்கை இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த நேரத்தில் போன் அதிர்ந்தது. வாட்ஸப்பில் மாமி அனுப்பிய படம், ஒரு முறம் நிறையப் புழுக்கை. "போதுமா?" என்று கேட்டிருந்தார்.