மோடத்தின் மேல் அச்சிட்ட பெயரை வைத்து டிரைவர் தேடாதீர்கள்

பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி ஒருவர் பழைய 3ஜி டாங்கிள் ஒன்றை, அதாவது சிம் போட்டு யுஎஸ்பியில் செருகும் சின்ன மோடத்தை, கொண்டுவந்தார். கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருளான டிரைவர்களில் நான்கை மூன்று நாட்களில் போட்டுப் பார்த்தும் இணையம் வரவில்லை. டாங்கிளின் மேல் சிம் விற்ற நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருந்தது. அதை வைத்தே தேடியிருக்கிறார். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். அந்த டாங்கிள்களை ஹுவாவே, இசட்டிஇ போன்ற நிறுவனங்கள் தயாரித்தன. சிம் நிறுவனங்கள் வாங்கித் தங்கள் பெயரை அச்சிட்டு விற்றன. உண்மையான மாடல் எண் சிம் செருகும் மூடிக்குள், கருவியின் அடையாள எண்ணான ஐஎம்இஐக்கு அருகில், ஒட்டுத்தாளில் சின்ன எழுத்தில் இருக்கும்.

அந்த ஒட்டுத்தாள் தேய்ந்திருந்தால் கணினியிடமே கேட்கலாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நிற்கும் கருவியின் புராப்பர்டீஸில் டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போய், ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வரும் வரியில் விஐடி (VID) என்பது தயாரிப்பாளரின் எண்: 12டி1 என்றால் ஹுவாவே, 19டி2 என்றால் இசட்டிஇ. பிஐடி (PID) என்பது கருவியின் எண்.

ஆனால் பிஐடியை மட்டும் வைத்து மாடலை முடிவு செய்யக் கூடாது. ஹுவாவேயின் இ1550 உள்ளிட்ட பல மாடல்கள் செருகியவுடன் 1446 என்ற ஒரே எண்ணைத்தான் காட்டும். அப்போது அது மோடமாகவே இல்லை. தன்னை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்கிறது. டிரைவர் அந்தச் சிடிக்குள்ளேயே இருக்கிறது! இணையம் இல்லாத வீட்டில் டிரைவரைப் பதிவிறக்குவது எப்படி என்ற சிக்கலுக்குத் தயாரிப்பாளர்கள் கண்ட அருமையான வழி இது. நிறுவி முடிந்ததும் மோடமாக மாறி வேறு எண்ணைக் காட்டும். அந்த மாணவியோ வைரஸ் பயத்தில் அந்தச் சிடியைத் திறக்கவே இல்லை. லினக்ஸில் இந்த மாற்றத்தைச் செய்ய யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு நிரல் உண்டு.

மாடல் பெயரின் கடைசி எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். ஹுவாவே இ3372 என்ற 4ஜி டாங்கிளில் 'எச்', 'எஸ்' என இரு வகைகள் உண்டு. 'எஸ்' பழைய முறையில் மோடமாக இயங்கும். 'எச்' வகை பொதுவாக நெட்வொர்க் கார்டு போல இயங்கும். டயல் செய்ய வேண்டியதில்லை, பிரவுசரில் 192.168.8.1 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கும். டயல் செய்யும் ஜன்னல் வரவில்லையே என்று 'எஸ்' வகையின் மென்பொருளைப் போட்டால் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோகலாம்.

தொலைபேசிக் கம்பியில் வரும் பிராட்பேண்டுக்கு டிரைவர் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. பிஎஸ்என்எல் இணைப்புள்ள வீடுகளில் இருந்த ஹுவாவே எம்டி882 மோடத்தில் யுஎஸ்பி, ஈதர்நெட் இரண்டும் உண்டு. டிரைவர் கேட்பது யுஎஸ்பி வழிதான். ஈதர்நெட் கேபிளைச் செருகினால் கணினியில் ஏற்கெனவே உள்ள நெட்வொர்க் கார்டே போதும். கணினியில் ஈதர்நெட் துளை இருக்கும்போது யுஎஸ்பியோடு மல்லுக்கட்டுவதில் ஒரு பயனும் இல்லை.

32 பிட் விண்டோஸுக்கான டிரைவர் 64 பிட்டில் ஏறாது. உங்கள் விண்டோஸ் இரண்டில் எது என்று முதலில் பாருங்கள். எல்லா டிரைவரையும் தானே புதுப்பிப்பதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். டிரைவருக்குப் பதில் விளம்பர நிரல்களைக் கணினியில் ஏற்றிவிட்டுப் போகிறவை அவற்றில் நிறைய.

ஒன்றின் மேல் ஒன்றாக டிரைவர் போடுவதும் கெடுதல்தான். மாணவியின் கணினியில் முந்தைய நான்கையும் நீக்கினோம். டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவர் மென்பொருளையும் அழிக்கும் கட்டத்தில் டிக் செய்தோம். கணினியை அணைத்துத் திரும்பத் தொடங்கினோம். பிறகு டாங்கிளைச் செருகி, அதன் சிடியில் இருந்ததையே நிறுவினோம். சில நிமிடங்களில் இணைப்பு வந்துவிட்டது.