முன்சக்கர பிரேக் பேட் மாற்றும்போது

பேட் 3 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். கழற்றிய கேலிப்பரை (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டில் பேட்களை அழுத்தும் பாகம்) பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். புதுப் பேட்டுக்கு இடம் கிடைக்க கேலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா வழியலாம். அந்த ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

ஒரே சக்கரத்தில் ஒரு பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறதா? பெரும்பாலும் கேலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கும். அதைத் துடைத்து சிலிகான் கிரீஸ் தடவாமல் புதுப் பேட் போடுவது வீண் செலவு.

டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் பொதுவாக அதிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்து, குறைந்திருந்தால் இடது, வலது இரண்டு சக்கர டிஸ்க்கையும் மாற்றுங்கள். டிஸ்க் பொருந்தும் ஹப்பில் துருவை விட்டுவைத்தால் புது டிஸ்க் சற்றே சாய்ந்து உட்காரும். நாளடைவில் பெடல் அதிரும்.

வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.