பட்டறைக்கு வந்த தவில்

அப்பாவின் ஒலிநாடாக்களிலிருந்து மாற்றிய கச்சேரிகள் கோண்டாவில் வீட்டுக் கணினியில் இருந்தன. நானோ பகலெல்லாம் வளவின் கோடியில் உள்ள தச்சுப் பட்டறையில். கணினியிலுள்ள பாட்டுகளை வைஃபை வழியே வேறு கருவிகளில் கேட்கவைக்கும் நாவிட்ரோம் என்ற இலவச மென்பொருளை அதில் நிறுவி, பட்டறையில் பழைய கைத்தொலைபேசியை ஒலிபெருக்கியுடன் இணைத்தேன். பாட்டு விட்டுவிட்டு வந்தது. பட்டறையைச் சுற்றியுள்ள தகரம் வைஃபை அலையை மறித்துவிடுகிறது. வைஃபையை 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலிருந்து, தடைகளைச் சற்று நன்றாகக் கடக்கும் 2.4-க்கு மாற்றியும் முழுப்பலன் இல்லை.

40 மீற்றர் வலையமைப்புக் கேபிளைக் குழாய்க்குள் இழுத்தேன். 100 மீற்றர் வரை அது தாராளமாகத் தாங்கும். மறுமுனையில், பட்டறைக்குள்ளேயே வைஃபை தர, வீட்டில் கிடந்த பழைய ரவுட்டர். அதில் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலையை) நிறுத்தி, வீட்டு ரவுட்டருடன் மோதாதபடி அதன் முகவரியை மாற்றி, கேபிளை இணையத்துக்கான துளையில் அல்லாமல் லான் (உள்வலையமைப்பு) துளையில் செருகவேண்டும். இதைத் தவறவிட்டு ஒரு மாலையை இழந்தேன். செலவு கேபிளுக்கும் குழாய்க்கும் மட்டுமே.

இப்போது சீவுளி தள்ளும்போது தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பு அறுபடாமல் கேட்கிறது.