லண்டன் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை: ஐந்து தலைநகரங்களுக்கு ரயிலில்

மேற்கு ஐரோப்பாவின் தலைநகரங்களை ரயிலில் சுற்ற எண்ணுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, லண்டனைப் பயணத்தின் எந்த இடத்தில் வைப்பது என்பதைத்தான். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் செல்ல அனுமதிக்கும் ஷெங்கன் பகுதிக்குள் பிரிட்டன் இல்லாததால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இரண்டு விசாக்கள் தேவைப்படும். பாரிஸ் பார்த்துவிட்டு லண்டனுக்குப் போய், மீண்டும் பிரஸ்ஸல்ஸுக்கு வருவதென்றால், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா அந்த இரண்டாவது நுழைவுக்குச் செல்லாது. ஆகவே லண்டனைத் தொடக்கத்திலோ முடிவிலோ வைப்பதே அறிவுடைமை. விமானத்தில் லண்டன் சென்று இறங்கி, பாரிஸ், லக்சம்பர்க், பிரஸ்ஸல்ஸ் வழியாக ஆம்ஸ்டர்டாமை அடைந்து, அங்கிருந்தே ஊர் திரும்பினால், வந்த வழியே திரும்பிப் போகும் செலவும் மிச்சமாகும்.

லண்டனில் மூன்று இரவு, பாரிஸில் நான்கு, லக்சம்பர்க்கில் ஒன்று, பிரஸ்ஸல்ஸில் இரண்டு, ஆம்ஸ்டர்டாமில் இரண்டு என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு இரவுகளில் பயணம் முடிந்துவிடும். ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் திட்டப்படி அது பிரான்ஸ்.

பயணச்சீட்டு விஷயத்தில், பல நாட்டு ரயில்களிலும் ஏற உதவும், வெளிநாட்டவருக்கான யூரெயில் பாஸைப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறார்கள். நீண்ட தூரமும் பல நாடுகளும் சுற்றுபவருக்கு அது பயன்படும். இந்தக் குறுகிய பாதைக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து, ஏனெனில் பாஸ் கையில் இருந்தாலும் லண்டனிலிருந்து பாரிஸ் செல்லும் யூரோஸ்டார் ரயிலிலும் பிரான்ஸின் அதிவேக டிஜிவி ரயில்களிலும் தனியாகப் பணம் கட்டி இருக்கை முன்பதிவு செய்தாக வேண்டும். யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கென ஒதுக்கப்படும் இடங்களும் குறைவு. இவ்விரண்டின் கட்டணமும் விமானக் கட்டணம்போல நாள் நெருங்க நெருங்க ஏறும் என்பதால், விசா கிடைத்த கையோடு லண்டன்–பாரிஸ், பாரிஸ்–லக்சம்பர்க் சீட்டுகளை எடுத்துவிட வேண்டும். லக்சம்பர்க்–பிரஸ்ஸல்ஸ் ரயிலுக்கு முன்பதிவு கிடையாது. அன்று காலையில் நிலையத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம்.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்கு, ரயில் புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பெட்டிகளைச் சோதித்து முடிந்தபின், பிரெஞ்சுக் குடிவரவு அதிகாரிகள் லண்டன் மண்ணிலேயே கடவுச்சீட்டைப் பார்த்துவிடுவார்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கப்படுவதால் வரிசை மெதுவாகவே நகரும். 1994-இல் திறக்கப்பட்ட, பிரிட்டனையும் பிரான்ஸையும் கடலுக்கடியில் இணைக்கும், ஏறத்தாழ 50 கி.மீ. நீளமுள்ள ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் பார்ப்பதற்கு இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை என்பதை, ஜன்னல் இருக்கைக்காக மெனக்கெடுபவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸின் கார் து நோர் வந்துவிடும். பாரிஸ் நேரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருப்பதால், சீட்டில் பயணம் மூன்றேகால் மணி நேரம்போலத் தோன்றும்.

கார் து நோர் பெரிய நிலையம்; கூட்டத்தில் பைகளைக் கத்தரிப்பவர்களும் உண்டு, ஆகவே கடவுச்சீட்டை உடலோடு ஒட்டிய பையில் வையுங்கள். நிலையத்துக்குப் பின்புறம் நடந்தால் லா ஷபெல் பகுதி வருகிறது. ஈழத்தமிழர்களின் மளிகைக் கடைகளும் உணவகங்களும் நிறைந்த அந்தத் தெருக்களில், இரவு பசித்த வயிற்றுக்குக் கொத்துரொட்டி கிடைக்கும்.

லக்சம்பர்க் செல்லும் டிஜிவி கார் து நோரிலிருந்து அல்ல, கார் து லெஸ்ட்டிலிருந்து புறப்படுகிறது. இரண்டு நிலையங்களுக்கும் இடையே பத்து நிமிட நடைதான் என்றாலும், குறுக்கு வழியில் படிக்கட்டு இருப்பதால் கனத்த பெட்டி வைத்திருப்பவர் சற்றுச் சுற்றிப் போவது நல்லது. பிரெஞ்சு நிலையங்களில் நடைமேடை எண்ணை ஏறத்தாழ இருபது நிமிடம் முன்புதான் பலகையில் அறிவிப்பார்கள். கதவுகளோ புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடிவிடும்.

பலரும் விட்டுவிடும் லக்சம்பர்க்கை நான் இந்தப் பட்டியலில் வற்புறுத்திச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் 1 முதல் அந்நாட்டுக்குள் பேருந்து, டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் அனைத்தும் இலவசம், வெளிநாட்டவருக்கும்கூட. பாறைகளின் மேல் அமர்ந்த பழைய நகரத்திலிருந்து பள்ளத்தாக்குக்கு இறக்கிவிடும் பஃபென்டால் கண்ணாடி மின்தூக்கிக்கும் கட்டணமில்லை. அரை நாள் மிஞ்சினால் வடக்கே கிளெர்வோ வரை ரயிலில் போய் அங்குள்ள கோட்டையைப் பார்த்து வரலாம்.

அடுத்து பிரஸ்ஸல்ஸ் செல்லும் ரயில் ஆர்டென் காடுகளின் ஊடாக மூன்று மணி நேரத்துக்கு மேல் நிதானமாக ஓடுகிறது. இந்தப் பயணத்தில் ஜன்னலோரத்துக்குப் போட்டியிடத் தகுந்த பகுதி இதுவே. பிரஸ்ஸல்ஸில் நோர், சென்ட்ரல், மிடி என மூன்று முக்கிய நிலையங்கள் உள்ளன. கிராண்ட் பிளாஸ் சதுக்கம் பார்க்க சென்ட்ரலில் இறங்குங்கள். ஆனால் யூரோஸ்டார் மிடியில்தான் நிற்கும். அதே நிலையத்துக்கு டச்சு மொழியில் ஸூயிட் என்று பெயர் என்பதால், பலகையில் மிடியைக் காணவில்லை என்று பதற வேண்டாம்.

ஆம்ஸ்டர்டாமுக்கு யூரோஸ்டாரிலும் போகலாம், யூரோசிட்டி டைரக்ட் ரயிலிலும் போகலாம். இரண்டுக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரமே. யூரோசிட்டியில் இருக்கை முன்பதிவு கட்டாயமில்லை. ஆனால் அது நகர மையத்திலுள்ள சென்ட்ரல் நிலையத்துக்குப் போகாமல் ஆம்ஸ்டர்டாம் ஸூயிடுக்குச் செல்கிறது. கால்வாய்களுக்கு அருகே அறை எடுத்தவருக்கு யூரோஸ்டாரே வசதி. ஊர் திரும்பும் நாளில் சென்ட்ரலிலிருந்து ஸ்கிபோல் விமான நிலையத்துக்குக் கால் மணி நேரப் பயணம். சீட்டுக்குப் பதில் வங்கி அட்டையைப் பயன்படுத்தினால், ஏறும்போது எந்த அட்டையை நிலையத்துக் கருவியில் காட்டினீர்களோ, அதே அட்டையை இறங்கும்போதும் காட்ட வேண்டும். மறந்தால் கூடுதல் தொகை பிடித்துக்கொள்வார்கள்.