கறார் ஆசாமி எல்லாம் நோயாளி அல்ல

மாமியார் குறை சொன்னால் ‘நார்சிசிஸ்ட்’, அதாவது தற்பெருமை நோயாளி. தம்பி விசேஷ வீட்டுக்கு வர மறுத்தால் அவனுக்கு ஏதோ கோளாறு. நாலு ரீல்ஸ் பார்த்தால் போதும், வீட்டில் ஆளுக்கொரு நோய்ப்பெயர் தயார். குணம் வேறு; வேலையையும் உறவையும் கெடுக்கும் அளவுக்குக் குணம் இறுகிப்போன ஆளுமைக் கோளாறு (பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்) வேறு. குணத்தின் பெயரையே நோயின் பெயராக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் தினமும் ராத்திரி வீட்டுக் கணக்கு எழுதுகிறவர். பத்து ரூபாய் இடித்தால் அரை மணி நேரம் தேடுவார். அப்புறம் ‘மறந்தது 10’ என்று எழுதிவிட்டுப் படுத்துவிடுவார். இன்னொருவர் அதே பத்து ரூபாய்க்காக மனைவியை எழுப்புவார், பிள்ளையின் ஜியோமெட்ரி பாக்ஸைக் கொட்டிப் பார்ப்பார். ஆபீஸிலும் கெடு தாண்டிய அறிக்கையை இன்னும் திருத்திக்கொண்டிருப்பார்; பிறரிடம் கொடுக்கவும் மாட்டார். குணம் ஒன்றுதான். முதலாமவரால் அதைத் தளர்த்த முடிகிறது, இரண்டாமவரால் முடியவில்லை. வேலையும் உறவும் அடிவாங்குகின்றன. மருத்துவர் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

இரண்டாமவரை ‘ஓசிடி’ (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்தும் நோய்) என்பதும் தவறு. ஓசிடி வந்தவர் பெரும்பாலும், “தேவையில்லை என்று தெரியுது, விட முடியல” என்று தவிப்பார். இவருடையதைப் போன்ற ஆளுமைக் கோளாறில் அந்தத் தவிப்பு பெரும்பாலும் இருக்காது. தான் செய்வதே சரி, மற்றவர்களுக்குத்தான் பொறுப்பில்லை என்பார்.

கோடு எங்கே என்று கேட்டால், பளிச்சென்ற கோடு கிடையாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, ஆளுமைக் கோளாறுகளின் பழைய வகைப்பெயர்களைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. லேசா, நடுத்தரமா, கடுமையா என்பதைத்தான் அது முதலில் கேட்கிறது. நோய் என்ற அளவுக்குப் போகாத ‘ஆளுமைச் சிக்கல்’ என்று ஒரு படியும் அதில் உண்டு. நம்மில் பலர் எப்போதாவது அந்தப் படியில் உட்கார்ந்து எழுந்திருப்போம் என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவின் மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5 மட்டும் பத்து வகைகளை இன்னும் வைத்திருக்கிறது.

ஒரு கெட்ட காலத்தை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். மனச்சோர்வு, குடி, துக்கம் எல்லாமே ஆளை மாற்றிக் காட்டும். ஐசிடி-11 கேட்பது இரண்டு வருடமாவது நீடிக்கும் போக்கு.

இதற்கு நேரெதிர்த் தவறும் நம் வீடுகளில் உண்டு: “அவர் சுபாவமே அப்படி, அனுசரிச்சுப் போ.” இருபது வருட அடி உதைக்கும் இதே பதில்தான். கோளாறு இருக்கிறதோ இல்லையோ, அடி அடிதான்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று கைவிடுவதும் வேண்டாம். உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் அலைபாயும் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறுக்கென்று அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி (உணர்ச்சியைக் கையாளப் பழக்கும் சிகிச்சை) போன்ற பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன. பலர் வருடங்கள் போகப்போகத் தேறுகிறார்கள்.

மனநல மருத்துவரிடம் போனால் “எங்க வீட்டுக்காரர் நார்சிசிஸ்ட்” என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த வயதிலிருந்து இப்படி, எத்தனை வேலை மாறினார், யார் யாரோடு பேச்சு நின்றது, போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். பெயர் வைப்பது மருத்துவர் வேலை.