புனே – சாஸ்வட் வாரி நடை: மும்பையிலிருந்து வருபவர்கள் செய்யக்கூடாதவை

ஆலந்தியிலிருந்து பண்டரிபுரம் விட்டல் கோயில் வரை, மகான் ஞானேஸ்வரரின் பாதுகைகள் போகும் பால்கியோடு (பல்லக்கோடு) நடக்கும் பாதயாத்திரைதான் வாரி. முழுதும் நடந்தால் சுமார் 250 கிலோமீட்டர். அத்தனை நாள் லீவு யார் கொடுக்கிறார்கள்? அதனால் எங்கள் மாட்டுங்கா பஜனை கோஷ்டி, புனேயில் இருந்து சாஸ்வட் வரையிலான ஒரு நாள் நடைக்கு மட்டும் போகும். முப்பது கிலோமீட்டர் சொச்சம், நடுவில் திவே காட் என்ற மலைப்பாதை ஏற்றம். வருஷா வருஷம் புதிதாகச் சிலர் சேர்கிறார்கள், வருஷா வருஷம் அதே கூத்து. புதுச் செருப்பு போடாதே, மொபைலைச் சார்ஜ் செய்துகொள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

காலை ரயிலை நம்புவது

இந்திராயணி எக்ஸ்பிரஸ் புனே போய்ச் சேர ஒன்பது மணி ஆகிவிடும். பவானி பேட்டில் இருந்து பால்கி விடியற்காலையிலேயே கிளம்பிவிடும். முதல் நாளே போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்.

ஹடப்சரில் தப்பான பால்கி

துக்காராம் பால்கியும் அதே நாளில்தான் புனேயை விட்டுப் புறப்படும். ஹடப்சர் தாண்டி அது சோலாப்பூர் சாலையில் லோணி காள்போர் பக்கம் போய்விடும், ஞானேஸ்வரர் பால்கி சாஸ்வட் சாலையில் திரும்பும். கூட்டத்தோடு கூட்டமாக நடந்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு தம்பி லோணியில் இருந்து போன் செய்து, "அண்ணா, மலை எப்போ வரும்?" என்று கேட்டான்.

ஏகாதசி விரதத்தையும் நடையையும் ஒன்றாகக் கட்டுவது

இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பால்கி ஆலந்தியை விட்டுக் கிளம்புவது மராத்தி ஜேஷ்ட மாதத் தேய்பிறை அஷ்டமியில், பெரும்பாலும் நம் ஆனியில். புனேயில் இரண்டு இரவு தங்கல். கணக்குப் போட்டால் சாஸ்வட் நடை பெரும்பாலும் ஏகாதசியில்தான் வந்து விழும். நம் வீட்டு ஏகாதசி எப்படி? துளசி தீர்த்தம், மிஞ்சிப்போனால் ஒரு டம்ளர் பால், மறுநாள் அகத்திக்கீரையோடு பாரணை. விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நாமம் சொல்பவர்களுக்கு அது சரி.

சயானில் இருந்து வந்த மாமா ஒருவர், எழுபதை நெருங்குபவர், அதே விரதத்தோடு நடக்கக் கிளம்பினார். வட்கியில் மதிய நிறுத்தம். திண்டிக்காரர்கள் (திண்டி என்றால் பால்கியோடு நடக்கும் பஜனைக் குழு) ஜவ்வரிசி கிச்சடி கொண்டுவந்து நீட்டினார்கள். "ஏகாதசியில உப்பா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வற்புறுத்தினோம், கேட்கவில்லை. மலைப்பாதையில் சில வளைவுகள் ஏறியதும் கை நடுக்கம், வேர்வை, பேச்சுக் குழறல். அப்புறம்தான் தெரிந்தது, காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். பின்னால் வந்த ஒரு மராத்திப் பாட்டி, "காய் ஜாலா மாவுலி?" (என்ன ஆச்சு தாயே?) என்று கேட்டு, முடிச்சை அவிழ்த்து வெல்லத்தை அவர் வாயில் வைத்தார். அன்றைக்கு மலைப்பாதையில் வண்டி விடமாட்டார்கள், ஆட்டோ பிடித்து இறங்க முடியாது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆம்புலன்ஸ் மேலே வந்து சேர்வதற்குள் எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவரோடு நான்கு பேர் நின்றுவிட்டார்கள். கூடுதல் மாட்டு ஜோடிகளைப் பூட்டி ரதத்தை ஏற்றுவதைப் பார்க்கத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வந்ததே. பார்க்கவில்லை.

சரி, ஒரு முறை நடந்தது என்று விட்டிருப்பேன். அடுத்த வருஷம் அவருடைய மருமகன் வெறும் தண்ணீரோடு வந்து நின்றார்.

வாரி நடக்கும் பக்தர்களான வார்க்கரிகளைவிட ஏகாதசியைப் பெரிதாக மதிப்பவர்கள் இருக்கிறார்களா? அவர்களே அன்றைக்குக் கிச்சடி, வேர்க்கடலை, ராஜகிரா (கீரை விதை) லட்டு, வாழைப்பழம் என்று நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டேதான் நடக்கிறார்கள். தானியத்தை மட்டும் தொடுவதில்லை. அவர்களுக்கு இல்லாத ஆசாரம் நமக்கு எங்கிருந்து வந்தது?

தண்ணீர் மட்டும் போதும் என்பதும் தப்பு. வேர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைசுற்றலும் வாந்தியும் வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சாதா உப்பு ஆகாது என்பவர்கள் இந்துப்பு போட்டுக்கொள்ளலாம், மகாராஷ்டிரத்தில் விரதத்துக்கு அதைத்தான் போடுகிறார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதத்தோடு வரவேண்டாம். விரதம்தான் முக்கியம் என்றால் மாட்டுங்காவிலேயே பஜனையில் உட்காருங்கள், விட்டல் அங்கேயும் இருக்கிறார்.

மருந்துப் பையை லாரியில் போடுவது

திண்டி லாரி இரவு தங்கும் இடத்துக்குப் போய்விடும். சாயங்காலம் வரை அதைப் பார்க்க முடியாது. மாத்திரை, உலர்ந்த பனியன், பிளாஸ்டிக் ஷீட் மூன்றும் தோளில் இருக்கட்டும்.

தாளக்காரர் வரிசைக்குள் செல்ஃபி

வேண்டாம்.

காட் ஏறியதும் முடிந்தது என்று நினைப்பது

உச்சிக்குப் போய், கீழே மஸ்தானி ஏரியைப் பார்த்து, உட்கார்ந்து காலை நீட்டிவிடுகிறார்கள். கால் விறைத்துக்கொள்ளும். அங்கிருந்து ஜெண்டேவாடி வழியாகச் சாஸ்வட்டுக்கு இன்னும் நல்ல தூரம் இருக்கிறது. நின்றபடியே இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அன்றிரவே திரும்ப டிக்கெட்

பணம் தண்டம். பஸ்களைப் போப்தேவ் காட் வழியாகச் சுற்றிவிடுவார்கள், எப்போது புனே சேரும் என்று சொல்ல முடியாது. பால்கி சாஸ்வட்டில் இரண்டு இரவு தங்குகிறது. நீங்களும் ஒரு இரவு தங்கி, காலையில் ஞானேஸ்வரரின் தம்பி சோபான தேவர் சமாதியைத் தரிசித்து, துவாதசிப் பாரணையை அங்கேயே முடித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். அகத்திக்கீரை கிடைக்காது, பிட்லாவும் (கடலைமாவுக் கூட்டு) பாக்ரியும் (சோள ரொட்டி) தான்.