இயர் 12 பிள்ளைங்க தானா படிக்க பழகுறதுக்கு என்ன செய்யலாம்

ஆகஸ்ட்ல ஜிசிஎஸ்இ (பதினாறு வயசுல எழுதற பரீட்சை) ரிசல்ட் வந்தப்ப எட்டும் ஒன்பதுமா (ஒன்பதுதான் உச்ச கிரேடு) வாங்கின பிள்ளை, இயர் 12 போய் நவம்பர் டெஸ்ட்ல டி கிரேடு வாங்கிட்டு வந்து நிக்கும், வீடே வெலவெலத்துப் போயிடும். நான் இங்க இங்கிலாந்துல சனி ஞாயிறுல ஏ லெவல் (ஜிசிஎஸ்இக்கு அப்புறம் இயர் 12, 13-னு ரெண்டு வருஷம் படிக்கறது) மேத்ஸ் சொல்லிக் குடுக்கறேன், வருஷா வருஷம் இதே கதையோட யாராவது ஒரு அம்மா அப்பா வருவாங்க. பிள்ளைக்கு மூளை ஒண்ணும் குறையல. ஜிசிஎஸ்இ வரைக்கும் ஒன்பது பத்து சப்ஜெக்ட், நாள் பூரா க்ளாஸ், எதை எப்ப படிக்கணும்னு டீச்சரே சொல்லிடுவாங்க. சிக்ஸ்த் ஃபார்ம்ல, அதாவது அந்த ரெண்டு வருஷத்துல, பெரும்பாலும் மூணே சப்ஜெக்ட், ஒவ்வொண்ணுக்கும் வாரத்துக்கு நாலஞ்சு மணி நேரம்தான் க்ளாஸ், மிச்சமெல்லாம் ஃப்ரீ பீரியட். அந்த நேரத்தை என்ன பண்றதுன்னு பிள்ளைக்கு யாரும் பழக்கி இருக்க மாட்டாங்க.

நாம உடனே அந்த இடத்துல டியூஷனை போட்டு அடைச்சிடறோம். மூணு சப்ஜெக்ட்டுக்கும் டியூஷன் வெச்சா பிள்ளை மறுபடியும் யாராவது சொன்னாத்தான் செய்யும்னு ஆயிடும், ரெண்டு வருஷம் கழிச்சு யுனிவர்சிட்டி ஹால்ல தனியா உக்காந்து முழிக்கும். புரியாத ஒரு சப்ஜெக்ட்டுக்கு மட்டும் வைங்க, போதும்.

முதல் வேலை, டைம்டேபிளை பிரிண்ட் எடுத்து ஃப்ரீ பீரியட் எல்லாத்தையும் கலர் பண்ண சொல்லுங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன செய்யப் போறேன்னு அவங்க கையாலயே எழுதணும், நீங்க எழுதிக் குடுக்காதீங்க. ‘கெமிஸ்ட்ரி’ன்னு எழுதினா வேலைக்கு ஆகாது. ‘மோல் கணக்கு ஆறு போட்டு நானே திருத்தணும்’னு எழுதினா உக்காந்த உடனே ஆரம்பிக்கலாம். ஒரு மணி நேர க்ளாஸுக்கு தனியா ஒரு மணி நேரம்னு கணக்கு வெச்சுக்கோங்க.

அடுத்தது எப்படி படிக்கறதுன்னு, இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. நோட்ஸை கலர் கலரா ஹைலைட் பண்ணி மூணு தடவை வாசிச்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும். 2006-ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு சைக்காலஜி ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் பசங்கள வெச்சு இதை சோதிச்சுப் பாத்தாங்க, அஞ்சு நிமிஷத்துல கேட்டப்ப திரும்பத் திரும்ப வாசிச்சவங்கதான் முந்தினாங்க, ஒரு வாரம் கழிச்சு கேட்டா புத்தகத்தை மூடி ஞாபகப்படுத்தி எழுதினவங்கதான் அதிகம் சொன்னாங்க. இங்கிலாந்துல 2015-லருந்து ஏ லெவலை மாத்தினதுல பரீட்சை எல்லாம் ரெண்டாவது வருஷக் கடைசிக்குப் போயிடுச்சு, அதனால இயர் 12 அக்டோபர்ல படிச்சது இயர் 13 ஜூன்ல கேள்வியா வரும். அதனால வெள்ளைப் பேப்பர் எடுத்து, புத்தகத்தை மூடி, தெரிஞ்சதை எழுதட்டும், விட்டுப் போனதை சிவப்பு பேனால சேர்க்கட்டும். மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை, மாசம் கழிச்சு இன்னொரு தடவை. கஷ்டமாத்தான் இருக்கும், மூளை வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

பாஸ்ட் பேப்பர் போட்டா மட்டும் பத்தாது, ஏக்யூஏ, எட்எக்செல், ஓசிஆர் பரீட்சை நடத்தற எந்த போர்டா இருந்தாலும் அவங்க வெப்சைட்ல ஸ்பெசிஃபிகேஷனும் (சிலபஸ்) மார்க் ஸ்கீமும் (எதுக்கு எவ்வளவு மார்க்னு சொல்றது) எக்ஸாமினர் ரிப்போர்ட்டும் இருக்கு. அந்த ரிப்போர்ட்ல பசங்க எங்க மார்க் விட்டாங்கன்னு எழுதி இருப்பாங்க, என்கிட்ட வர்றவங்கள்ல பாதி பேர் அதை தொறந்து கூட பாத்ததில்ல. எட்எக்செல் மேத்ஸ்ல ஒரு பேப்பர் 2 மணி நேரம், 100 மார்க், அப்போ ஒரு மார்க்குக்கு ஒரு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல, அந்த வேகம் கைக்கு வர்ற வரைக்கும் கடிகாரம் வெச்சுப் போடணும். தானே திருத்தி, தப்பை ஒரு தனி நோட்ல எழுதி, தெரியாம விட்டதா, அவசரத்துல விட்டதா, கேள்வியை சரியா வாசிக்கலையான்னு பக்கத்துல போடணும்.

படிப்பைத் தாண்டி, டீச்சருக்கு மெயில் போடறது, ஜிபி (டாக்டர்) அப்பாயின்ட்மென்ட் போன் பண்ணி வாங்கறது, வாரத்துல ஒரு நாள் சமைக்கறது, இதெல்லாம் அவங்களே செய்யட்டும். சனிக்கிழமை ஒரு நாள் கடைல வேலைக்குப் போறேன்னு கேட்டா படிப்பு கெட்டுடும்னு பயப்படாதீங்க. 2026 அட்மிஷன்லருந்து யூகாஸ் (யுனிவர்சிட்டி அப்ளிகேஷன் போற அமைப்பு) மூலமா அனுப்பற பெர்சனல் ஸ்டேட்மென்ட்ல, அதாவது தன்னைப் பத்தி எழுதற பகுதியில, மூணு கேள்வி இருக்கு, மூணாவது கேள்வியே படிப்புக்கு வெளிய என்ன செஞ்சு தயாரானீங்க, அது எப்படி உதவும்னுதான். ஸ்கூல்ல ஈபிக்யூ (ஏ லெவலோட சேர்த்து தனியா செய்யற ஒரு ப்ராஜெக்ட்) இருந்தா கண்டிப்பா எடுக்க சொல்லுங்க, தலைப்பை தானே தேர்ந்து, தேடி, 5000 வார்த்தை எழுதி, மத்தவங்க முன்னாடி நின்னு பேசி, என்னென்ன செஞ்சேன்னு லாக் வேற எழுதணும், ஏ ஸ்டார் வாங்கினா யுனிவர்சிட்டி அட்மிஷன்ல கணக்குல வர்ற 28 யூகாஸ் பாயின்ட். தானா படிக்கறதுக்கு இதை விட நல்ல பயிற்சி சிக்ஸ்த் ஃபார்ம்ல நான் பாக்கல.

பெத்தவங்களுக்கு ஒண்ணு. தினமும் ‘படிச்சியா படிச்சியா’ன்னு கேக்கறதை விட்டுட்டு ஞாயித்துக்கிழமை ஒரு கால் மணி நேரம் உக்காந்து ‘இந்த வாரம் எது புரியல, அதுக்கு என்ன பண்ணப் போற’ன்னு கேளுங்க. செப்டம்பர்ல பக்கத்துல உக்காந்து ப்ளான் போடுங்க, ஹாஃப் டெர்ம் (அக்டோபர் கடைசி லீவு) முடிஞ்சு அவங்க போட்டதை பாத்தா மட்டும் போதும், கிறிஸ்துமஸுக்கு அப்புறம் அவங்களா காட்டினா பாருங்க. நடுவுல ஒண்ணு ரெண்டு ஹோம்வொர்க் விட்டுப் போகும், நீங்க ஓடிப் போய் தாங்காதீங்க, இயர் 12-ல விடறது பரவாயில்ல.

போன வருஷம் என்கிட்ட வந்த ஒரு பொண்ணு இயர் 13 ஆரம்பத்துல ‘அங்கிள், அடுத்த ரெண்டு வாரம் நான் வரல, இன்டகிரேஷனை நானே போட்டுப் பாத்துட்டு மாட்டினதை மட்டும் கொண்டு வர்றேன்’னு சொல்லிட்டுப் போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு மூணே மூணு கணக்கோட வந்துச்சு, ஒவ்வொண்ணுலயும் எந்த வரி வரைக்கும் சரின்னு பென்சில்ல கோடு போட்டு வெச்சிருந்துச்சு.